பிடிக்குள் இரண்டு புள்ளி

துருவை மோந்து பார்க்கும் பழக்கம் தீர்த்தகிரிக்கு உண்டு. வீட்டில் அது நடக்காது. மனைவி பானுமதி பார்த்துவிட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். "மனுசன் மோந்து பாக்கற சாமானா அது?" என்பாள். கடையில்தான் மோந்துகொள்வார்.

கடை பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். பழைய இரும்பை எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிற கடைதான். ஆனால் அவர் கையில் ஒரு உளியையோ மண்வெட்டியையோ கொடுத்தால் நாலு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு யார் அடித்தது, எந்தக் காலத்தில் அடித்தது என்று சொல்லிவிடுவார். தேய்ந்துபோன கடப்பாரையில் அரை எழுத்து இருந்தால் போதும். மொரப்பூரிலிருந்து ஓசூர் வரைக்கும் ஒரு காலத்தில் ஓடிய சின்ன ரயிலின் சாமான், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கினபோது யாரோ தோளில் போட்டுக்கொண்டு போனது என்பார். ரம்பத்தில் மேற்கு ஜெர்மனி என்று இருந்தால், எந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது, எந்த வருடத்துக்குப் பின்னால் இருக்க முடியாது என்பார். பழைய சாமான் சேர்க்கிறவர்கள் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போனில் படம் அனுப்பிக் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். அதனால் தெரியும் என்று சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். தீர்த்தகிரி சொன்னால் சரி. ஐம்பத்தெட்டு வயதுக்கு அவர் சம்பாதித்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்துக்கு அடியில் ஒரு குழி இருந்தது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தோண்டிய குழி. பெங்களூர்க்காரர் ஒருவர் பழைய வாள், பழைய கொடுவாள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஓட்டல் சுவரில் மாட்டுவதற்கு. நிஜமான பழசு அவ்வளவு கிடைக்கவில்லை. தீர்த்தகிரி லாரிப் பட்டையை, சக்கரத்துக்கு மேல் அடுக்கியிருக்கிற வில் இரும்பை, வெட்டிக் காய்ச்சி அடித்தார். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம் தோண்டி அதில் ஊறப்போட்டார். உப்பு, நவச்சாரம், கோழி எச்சம். அதோடு மூத்திரம். வீட்டிலிருந்தவர்களுடையது. பானுமதியின் அப்பா அப்போது அவர்களோடு இருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். அவர் சட்டியை எடுத்து வைத்தால் எறும்பு வரிசை கட்டும். அதை ஊற்றிய வாரம் துரு நன்றாகப் பூத்தது என்று தீர்த்தகிரி கண்டுபிடித்தார். கிழவருக்கு அதில் பெருமை. "மாப்ள, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று கட்டிலிலிருந்தே கேட்பார்.

இருபத்தொரு நாள் கழித்து வெளியே எடுத்தால் கொடுவாளுக்கு இருநூறு வயது ஆகியிருக்கும்.

நாற்றம் சோற்றில் வந்தது. துணியில் வந்தது. பானுமதியின் தலைமுடியில் வந்தது. "குழிய மூடறியா, இல்ல நானும் எங்கப்பனும் பஸ் ஏறட்டுமா?" என்றாள். மூடினார். பதினோரு கொடுவாளோடு அந்தத் தொழில் முடிந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் புல் முளைப்பதில்லை.

பதினொன்றிலும் ஒரு அடையாளம் போட்டிருந்தார். பிடிக்குள் மறைகிற காம்பில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. தான் செய்த பொய்யைத் தானே ஒருநாள் நிஜமென்று வாங்கிவிடக் கூடாது. அதற்காக.

*

பாப்பாரப்பட்டிக்குத் தெற்கே புங்கன்கொட்டாய் என்று ஒரு ஊர். அங்கே வேடியப்பன் கோயில். வருடா வருடம் கிடாவெட்டு. முதல் கிடாவை வெட்டுவதற்கென்று ஒரு கொடுவாள் உண்டு. அதை வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் முதல் வெட்டு, முதல் மாலை. அது நவநீதன் வீட்டில் தலைமுறையாக இருந்து வந்தது. வெட்டுக்கு முன்னால் கொடுவாளைச் செம்புத் தண்ணீரில் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர்தான் தீர்த்தம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஒரு மடக்கு. பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு மடக்கு. மற்றவர்களுக்கும் ஆளுக்கு ஒரு மடக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால் நவநீதனின் பெரியப்பா முறையான பெரியண்ணன் என்பவர் தன் பழைய ஓட்டு வீட்டை இடித்தார். பரணில் கோணிக்குள் ஒரு கொடுவாள் கிடைத்தது. அதுதான் கோயில் கொடுவாள் என்றார். தன் அப்பா முதல் மாலை யாருக்கு என்ற ஏதோ சண்டையில் ராவோடு ராவாக எடுத்து ஒளித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் செத்துப்போனார் என்றார். அப்படியானால் நவநீதன் வீட்டில் இருப்பது? "அத அவங்கப்பனத்தான் கேக்கணும்," என்றார். நவநீதனின் அப்பாவும் செத்துப்போயிருந்தார்.

போன திருவிழாவில் இரண்டு கொடுவாளும் கோயிலுக்கு வந்தன. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. கிடா தப்பித்தது. தீர்த்துக்கொண்டு வாருங்கள், அதுவரை திருவிழா கிடையாது என்று போலீஸ் சொல்லிவிட்டது.

இரண்டு வீடும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் தீர்த்தகிரி.

இரண்டு வீட்டிலிருந்தும் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். யார் காரிலும் ஏறவில்லை. பஸ்ஸில் போனார். விலை விழுந்த வாரம். சாலையோரம் நெடுகத் தக்காளியைக் கொட்டியிருந்தார்கள். வெயிலில் வெடித்து, நுரைத்து, சாக்கடை போல ஓடியது. மாடு கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. பஸ் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி பொத்தவில்லை. இதைவிட மோசமானதை மோந்தவர் என்று மனதுக்குள் ஒரு திமிர் இருந்தது.

*

கோயில் என்றால் ஒரு நடுகல், நாலு தகரம், ஒரு புளியமரம். நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். எண்ணெய் ஏறி ஏறிக் கல் கறுத்து வழவழவென்றிருந்தது. ஈ மொய்த்தது.

பூசாரி கற்பூரம் ஏற்றினார். "ரெண்டு கொடுவாளும் கழுவியாச்சி. தீர்ப்பு சொல்றவரு அந்தத் தண்ணியக் குடிக்கோணும். குடிச்சிட்டா தெரிஞ்சத மறைக்கக் கூடாது. மறைச்சா வயிறு வெடிச்சிரும்."

"பழசு எதுன்னு சொன்னாப் போதுமில்ல?" என்றார் தீர்த்தகிரி.

"போதாது," என்றாள் ராணியம்மாள். பெரியண்ணனின் மனைவி. கூட்டத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "யாரு அடிச்சது, எப்ப அடிச்சது. ரெண்டுக்கும் ரெண்டும் சொல்லோணும். சும்மா ஒரு பக்கம் கைய நீட்டிட்டுப் போற வேலயெல்லாம் இங்க வேணாம்."

"அதுக்குத்தான கூப்ட்டது, பெரிம்மா," என்றான் நவநீதன். நாற்பது வயது. இரண்டு ஜேசிபி வைத்திருந்தான். சட்டைப் பையில் சாமி படம். முகத்தில் சந்தேகமே இல்லை. தன் பொருள் தன்னுடையது என்று முழுக்க நம்புகிறவனின் முகம். அந்த முகத்தைத் தீர்த்தகிரி நிறையப் பார்த்திருந்தார். பெரும்பாலும் அவர்கள் கொண்டுவருவது போன வருடத்துப் பொருளாக இருக்கும்.

நவநீதனின் மனைவி கோகிலவாணி செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்கண்ணா. எம்பொண்ணு இந்தத் தண்ணியிலதான் பொறந்தா. ஆறு வருசம் குடிச்சேன்."

தீர்த்தகிரி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். வெதுவெதுப்பாக இருந்தது. இரும்பு ருசி. அடியில் எங்கேயோ ஒரு உப்பு. விழுங்கினார்.

பூசாரி நவநீதன் வீட்டுக் கொடுவாளை, கீழே உட்கார்ந்த தீர்த்தகிரியின் மடியில் வைத்தார். புதிதாக மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தார்கள். கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. தீர்த்தகிரி துண்டால் பூச்சைத் துடைத்தார். துரு நன்றாக, அடுக்கடுக்காக இருந்தது. கூட்டத்தில் யாரோ, "பாத்தாலே தெரியுது பாரு," என்றார்கள்.

பழக்க தோஷம். குனிந்து மோந்தார்.

காய்ந்திருந்தால் தெரிந்திருக்காது. ஈரம் பட்டதும் அது எழுந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால், கோடையில், மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது. கோழி எச்சமும் நவச்சாரமும் கிழவரின் சட்டியும். மிக மெல்லியதாக இருந்தது. நூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியாமல் போகாது.

பிறகு முதுகு வளைவைப் பார்த்தார். வளைவு திரும்பும் இடத்தில் சுத்தியல் இடப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. அந்தப் பதினொன்றையும் அடித்தபோது அவருக்குத் தோள்பட்டையில் வலி இருந்தது.

சற்று முன் குடித்தது அதைக் கழுவிய தண்ணீர். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. துப்ப முடியாது, விழுங்கவும் முடியாது. விழுங்கினார்.

"என்னங்க, மொகம் வெளுத்துருச்சி?" என்றார் பூசாரி.

"வெயிலு. இன்னொண்ணக் குடுங்க முதல்ல."

*

பெரியண்ணன் தன் கொடுவாளைச் சிவப்புப் பட்டிலிருந்து எடுத்ததும் கூட்டம் சிரித்தது. அது பளபளத்தது. நிக்கல் முலாம். அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"கல்யாணத்துல கேக் வெட்டற கத்தியா பெரியப்பா?" என்றான் ஒருவன்.

"ஓசூர்ல குடுத்து முலாம் போட்டாரு. பைக் சைலன்சருக்குப் போடற எடத்துலயே."

பெரியண்ணன் எழுபது வயதுக்காரர். கோபத்தில் காது மடல் நடுங்கியது. "சாமி சாமான்டா. துருவோட கொண்டாந்து வெப்பாங்களா? உங்கப்பனுக்குக் கிழிஞ்ச வேட்டியக் கட்டித்தான் தூக்கிட்டுப் போனியா?"

அதுதான் அவர் செய்த காரியம். கிடைத்த அன்றைக்கே துருவை எடுத்து, தேய்த்து, முலாம் போட்டு, வயதைச் சொல்லக் கூடிய எல்லாவற்றையும் காசு கொடுத்து அழித்திருந்தார். பக்தியாக. கோயில் கதவிலிருந்து உண்டியல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கிற பக்தி அது. கூட்டமும் அதே பக்திக்காரர்கள்தான். ஆனாலும் சிரித்தார்கள்.

தீர்த்தகிரிக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. பையைத் திறந்து உப்புத்தாளை எடுத்தார். வெட்டுகிற வாய் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முலாமைத் தேய்த்து எடுத்தார். பிடிக்குப் பக்கத்தில் இன்னொரு இடம். கால் மணி நேரம் ஆனது. சிரித்தவர்கள் அலுத்துப்போய் உட்கார்ந்தார்கள். பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் திறந்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆசிட்டைத் தொட்டுத் தடவினார்.

"கிட்ட வாங்க. போன்ல இல்ல, கண்ணுல பாருங்க."

இரும்பு கறுத்தது. வாய் ஓரம் வேறு நிறமாகக் கறுத்தது. இரண்டுக்கும் நடுவில் முடி மாதிரி ஒரு கோடு.

"ஒடம்பு பச்சிரும்பு. பாருங்க, வெறகு மாதிரி நார் ஓடுது. வாய் மட்டும் எஃகு. எஃகு கெடைக்காத காலத்துல ஒரு விரல் அளவு எஃகக் கொண்டாந்து பச்சிரும்போட சேத்து அடிப்பாங்க. லாரி வந்தப்புறம் இந்த வேலய ஒருத்தனும் செய்யல. தேவையில்ல."

பிடிக்குப் பக்கத்தில் இன்னொரு தரம் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தடவினார். காத்திருந்தார். முலாம் போட்டவன் தேய்த்து மட்டமாக்கிய இடத்திலிருந்து மூன்று கோடு மெல்ல எழுந்து வந்தது. கோழி மண்ணில் கால் வைத்த மாதிரி.

"தேச்சாலும் போவாது," என்றார். "முத்திரை குத்தினா அடி உள்ள எறங்கும். மேல அழிக்கலாம். உள்ள இருக்கறது ஆசிட்டுக்குத் தெரியும். இது கோழிக்கால். பாப்பாரப்பட்டியில சென்னாச்சாரின்னு ஒருத்தரு. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கெணத்துக் கப்பிக் கொக்கியில இதே கோழிக்கால், அவரு பேரு, வருசம், மூணும் வெட்டியிருக்குது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. முன்னப் பின்ன பத்து வருசம் வெச்சிக்கலாம். இது அவரு அடிச்சது."

பெரியண்ணன் கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். ராணியம்மாள், "கேக் வெட்டற கத்தின்னு சொன்னவன் எங்கடா?" என்றாள்.

*

இன்னொன்று மடியிலேயே இருந்தது. காய்ந்துவிட்டிருந்தது. நாற்றம் போய்விட்டது. நல்ல பழைய கொடுவாள் மாதிரி அமைதியாக இருந்தது.

அரத்தை எடுத்து முதுகிலிருந்து வாய் வரைக்கும் ஒரு இழுப்பு இழுத்தார். ஆசிட் தடவினார். ஒரே நிறம். கோடு இல்லை, நார் இல்லை.

"இது லாரிப் பட்டை," என்றார். "நூறு வருசமெல்லாம் ஆவல."

கூட்டம் உறுமியது. நவநீதன் எழுந்து நின்றான். "எங்கப்பன் கையால இருவது வருசம் வெட்டினது."

"வெட்டியிருக்கலாம்."

"யாரு அடிச்சது?"

தீர்த்தகிரி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அது தெரியல."

சொல்லிவிட்டார். சொன்னதும் எழுந்து போயிருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் என்று ஊருக்கே தெரியும். அந்த நல்ல பெயரைத்தான் இப்போது துடைக்கிற துணியாகப் பயன்படுத்தினார். தன் வாய் நாறுவது போல இருந்தது அவருக்கு.

"தெரியலயா?" ராணியம்மாள் விடவில்லை. ஜெயித்த பக்கம் அவள்தான். ஆனாலும் விடவில்லை. "நூறு வருசத்துக்கு முந்தி செத்தவன் பேரச் சொல்ற. நேத்து அடிச்சவன் பேரு தெரியலயா?"

"அதான நானும் கேக்கறேன்," என்றான் நவநீதன். "கெணத்துக் கொக்கிய எவன் பாத்தான்? பெரியப்பா வூட்டுக் காசு பேசுது. யாரு அடிச்சான்னு சொல்லத் தெரியாதவரு லாரிப் பட்டைன்னு எப்பிடிச் சொல்றாரு? தண்ணியக் குடிச்சிருக்காரு. ரெண்டும் சொல்லோணும். சொல்லலன்னா ரெண்டும் செல்லாது."

"செல்லாது, செல்லாது," என்றது பின்வரிசை. யாரோ ஒருவன் இடுப்பு வேட்டியை இறுக்கினான். மண்டை உடைவதற்கு முன்னால் அப்படித்தான் இறுக்குவார்கள்.

பூசாரி செம்பைத் தூக்கிக் காட்டினார். "அண்ணா, குடிச்சிருக்கீங்க."

தீர்த்தகிரி பையை மறுபடி திறந்தார். சுத்தியலை எடுத்தார். பிடியைக் கீழே கிடந்த ஒரு கல்லில் முட்டுக்கொடுத்து, பூணைத் தட்டிக் கழற்றினார். மரப்பிடி இரண்டாகப் பிளந்து விழுந்தது. காம்பைத் துடைத்து நவநீதன் கையில் கொடுத்தார்.

"என்ன இருக்குது?"

நவநீதன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு புள்ளி."

"இந்தப் பிடிய யாராச்சும் கழட்டினாங்களா இதுக்கு முந்தி?"

"சாமி சாமானை யாரு கழட்டுவாங்க?"

"அப்ப உள்ள ரெண்டு புள்ளி இருக்கறது அடிச்சவனுக்கு மட்டும்தான் தெரியும். நீ பாக்கறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். இருவத்திரண்டு வருசத்துக்கு முந்தி, பாலக்கோட்டுல, எங்க வூட்டுக்குப் பின்னால. நான் அடிச்சது. பதினொண்ணு அடிச்சேன். பழசு மாதிரி ஆக்கி வித்தேன். இது ஒண்ணு."

நவநீதன் விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினான்.

"எங்கப்பன் ஏமாந்துட்டானா, ஏமாத்திட்டானா?" என்றான் நவநீதன். குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது.

"தெரியல," என்றார் தீர்த்தகிரி. இந்தத் தரம் அது நிஜம். "கொடுவாளக் காணோம்னு ஊருக்குச் சொல்ல முடியாம எங்கயாச்சும் போயி வாங்கியிருப்பாரு. என்கிட்ட வாங்கல. அது மட்டும் தெரியும்."

"லாரிக்கா இத்தன வருசம் கெடா குடுத்தோம்?" என்றான் ஒருவன்.

"எந்த லாரின்னு கேளுடா. அதுக்கும் ஒரு கற்பூரத்தக் காட்டிருவோம்."

சிரிப்பு வெடித்தது. வேட்டியை இறுக்கியவன் தளர்த்தினான். அதன் பிறகு நடந்ததுதான் தீர்த்தகிரி எதிர்பார்க்காதது. கல்லெறிவார்கள், செருப்பை எடுப்பார்கள் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார். கொடுவாள் கைக்குக் கை மாறியது. துருவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"செம வேலண்ணா. அச்சு அசல்."

"எங்க தாத்தா கூட இத மோந்து பாத்துட்டு, கொள்ளுத் தாத்தா வாசன அடிக்குதுன்னாருண்ணா."

"உங்க நம்பர் குடுங்க. மச்சான் ஒருத்தன் ரிசார்ட் கட்றான்."

பெயர் போய்விடும் என்று பயந்திருந்தார். போகவில்லை. பெருத்துவிட்டது. இருபது வருடம் நிஜத்தைச் சொன்னதற்கு இவ்வளவு பேர் அவர் நம்பர் கேட்டதில்லை.

கோகிலவாணி மட்டும் அதைத் தொடவில்லை. செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் பக்கத்தில் வந்தாள்.

"பழசு மாதிரி ஆக்கினீங்கன்னு சொன்னீங்களே. எதுலண்ணா ஆக்கினீங்க?"

அவள் விரலில் சின்னப் பிள்ளையின் பிளாஸ்டிக் வளையல் ஒன்று மாட்டியிருந்தது.

"உப்புத் தண்ணிதாம்மா. நவச்சாரமும் உப்பும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் மூச்சு விட்டாள். தண்ணீர் குடித்துச் செய்த சத்தியம், யார் அடித்தது, எப்போது அடித்தது என்பதற்கு மட்டும்தான் என்று தீர்த்தகிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தெரிஞ்சத மறைக்கக் கூடாது என்று பூசாரி சொன்னதும் காதில் இருந்தது. வயிறு வெடிக்கவில்லை.

*

பஸ்ஸுக்கு நடக்கும்போது பெரியண்ணன் பின்னாலேயே வந்தார். கோயிலுக்குப் பின்பக்கம், புளியமரத்தடியில் நிறுத்தினார். கிடா கட்டும் இடம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணோடு மண்ணாக மிதிபட்டுக் கிடந்தது. பட்டுத்துணிப் பொட்டலம் அக்குளில் இருந்தது.

"ரொம்ப நன்றிங்க. எங்கப்பன் மானத்தக் காப்பாத்திட்டீங்க."

"உங்கப்பாதான் திருடினது," என்றார் தீர்த்தகிரி.

"அது செரிதான்." பெரியண்ணன் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "ஒரு சின்ன ஒதவி. திருவிழாவுக்கு இன்னும் பதினெட்டு நாளு இருக்குது. நானும் யோசிச்சிப் பாத்தேன். இது நெசம்தான். ஆனா பாத்தா நம்பற மாதிரி இல்லீங்களே. வெளியூரு சனமெல்லாம் வரும். பளபளன்னு இத எடுத்தா மறுபடி சிரிப்பானுங்க. அந்தப் பையன் வூட்டுது எவ்ளோ அம்சமா இருந்துது பாத்தீங்களா? அந்த மாதிரி."

"எந்த மாதிரி?"

"இதையும் பழசாக்கிக் குடுத்துருங்க."

தீர்த்தகிரி அவரையே பார்த்தார். கேலி இல்லை. கிழவர் மனதாரக் கேட்டார். நூறு வருடத்துக்கு மேல் நிஜமாகவே பழசான ஒன்றை, அதன் வயதைக் காசு கொடுத்து அழித்துவிட்டு, இப்போது போலி வயது கேட்டார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எல்லாம் ஒன்றாக மேலே வந்தது.

"எதுல ஆக்கினேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உப்புத் தண்ணின்னீங்களே."

"மூத்திரம்," என்றார் தீர்த்தகிரி. "எங்க வூட்டு மூத்திரம். எங்க மாமனாருக்குச் சக்கர வியாதி. அவரு சட்டியில எறும்பு மொய்க்கும். அத ஊத்தினேன். கோழிப் பீயப் போட்டேன். இருவத்தொரு நாளு அதுல கெடந்துது. மேல புழு நெளியும். கழியால ஒதுக்கிட்டு எடுப்பேன்."

பெரியண்ணனின் உதடு அசைந்தது. வருடத்தை எண்ணுவது போல விரல்கள் மடங்கின.

"நானும் குடிச்சிருக்கேன்," என்றார். "பதினெட்டு வருசம்."

"நானும் இப்பத்தான் குடிச்சேன்."

பெரியண்ணன் காறித் துப்பினார். மறுபடி துப்பினார். துண்டால் நாக்கை வழித்தார். மரத்தில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். ஒன்றும் வரவில்லை. பதினெட்டு வருடத்துத் தண்ணீர், எங்கிருந்து வரும்? தீர்த்தகிரி பார்த்துக்கொண்டே நின்றார். இப்போதாவது ஆசை விட்டிருக்கும் என்று நினைத்தார்.

நிமிர்ந்ததும் பெரியண்ணன் முதலில் சொன்னது, "வெளில யாருக்கும் சொல்லிடாதீங்க. ராணிக்குத் தெரிஞ்சா செத்துருவா."

"சொல்ல மாட்டேன்."

"சரி." துண்டை உதறித் தோளில் போட்டார். பட்டுப் பொட்டலத்தை இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு மாற்றினார். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், மரியாதையோடு கேட்டார்.

"ஏங்க, பசு கோமியத்துல போட்டா ஆவுங்களா?"

இருபது வருடம், கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்லிப் பழகிய வாய். அது தீர்த்தகிரிக்காகக் காத்திருக்கவில்லை.

"ஆவும்."

"எத்தன நாளு?"

"பதினெட்டு போதும்."

சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் குமட்டியது. கிடா கட்டும் முளையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியண்ணன் முதுகை நீவிவிட்டார். "பாத்துங்க, பாத்துங்க," என்றார். "இருங்க, சொம்புல கொஞ்சம் தண்ணி கொண்டாரச் சொல்றேன்."